சொகுசுக் காரின் லெதர் சீட்: அசல் தோலா, செயற்கையா?

வெளிநாட்டில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில், ஊர் திரும்பியதும் ஒரு நல்ல கார் வாங்க வேண்டும் என்பது நம் குடும்பங்கள் பலவற்றின் ஆசை. புதிதாக முடியாவிட்டாலும், பழைய மெர்சிடஸ், பிஎம்டபிள்யூ, ஆடி கார்களை நல்ல விலைக்கு வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். அந்தக் கார்களை விற்பவர் முதலில் சொல்லும் வார்த்தைகளில் ஒன்று, 'ஃபுல் லெதர் சீட், பாய்!'

இந்த ஒரு வார்த்தைக்காகவே விலை ஏறுகிறது. ஆனால் அந்த இருக்கை உண்மையில் எதனால் ஆனது என்று வாங்குபவருக்கும் தெரியாது. பல நேரங்களில் விற்பவருக்கும் தெரியாது. கூடவே நம் வீடுகளில் இன்னொரு கேள்வியும் எழுகிறது. அது எந்த மிருகத்தின் தோல்? அறுக்கப்பட்டதா, செத்ததா? அதில் உட்காரலாமா? இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேட, முதலில் பொருளைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

தோல் எப்படி லெதர் ஆகிறது?

மிருகத்தின் பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும். காயவிட்டால் பலகைபோல விறைத்துவிடும். அதிலுள்ள கொலாஜன் என்ற புரத நார்களை அழுகாதபடி நிலைப்படுத்துவதுதான் பதனிடுதல். நம் ஆட்கள் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு பன்னெடுங்காலமாக இதைச் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடும் முறை வந்தது. பல வாரங்கள் பிடித்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. இன்று உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோமியம் முறையில்தான்.

கார் இருக்கைகளுக்குப் பயன்படுவது பெரும்பாலும் மாட்டுத் தோல். ஒரு இருக்கையின் பாகங்களை வெட்டப் பெரிய பரப்பு வேண்டும் என்பதே காரணம். ரோல்ஸ் ராய்ஸ் போன்ற நிறுவனங்கள் மலைப்பகுதிகளில் வளரும் காளைகளின் தோலைத் தேடுகின்றன. அங்கே கொசுக்கடியும் முள்வேலிக் கீறலும் குறைவு. கன்று ஈன்ற பசுவின் தோலில் வரும் சுருக்கக் கோடுகளும் காளையின் தோலில் இருக்காது.

இங்கே பலர் அறியாத ஒரு விஷயம் உண்டு. கார் இருக்கைக்கான அசல் தோலில் பெரும்பாலானவற்றின் மேல் நிறமும் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பூச்சும் ஏற்றப்பட்டிருக்கும். வெயில், வியர்வை, உராய்வு ஆகியவற்றைத் தாங்க அது தேவை. சர்வதேசத் தர வரையறையின்படி இந்தப் பூச்சு 0.15 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அதை வெறுமனே 'லெதர்' என்று சொல்லலாம். ஆக, அசல் தோல் இருக்கையைத் தடவிப் பார்க்கும்போதும் நம் விரல் முதலில் தொடுவது பூச்சைத்தான். தொட்டுப் பார்த்தே அசலைச் சொல்லிவிடுவேன் என்பது அவ்வளவு நம்பத்தக்க பேச்சு அல்ல.

செயற்கைத் தோல் என்பது என்ன?

நாம் 'ரெக்சின்' என்று சொல்வது உண்மையில் இங்கிலாந்தில் தயாரான ஒரு பழைய பொருளின் வியாபாரப் பெயர். இன்றைய செயற்கைத் தோல் இரண்டு வகை. ஒன்று, துணியின் மேல் பிவிசி பூசியது. மற்றொன்று, துணியின் மேல் பாலியூரித்தேன் பூசியது. மேலே தோலின் வரிகளை அச்சாக அழுத்திவிடுவார்கள்.

சொகுசுக் கார் நிறுவனங்கள் இவற்றை ரெக்சின் என்று சொல்வதில்லை. தங்களுக்கென்று பெயர் வைத்திருக்கின்றன. மெர்சிடஸில் அது 'ஆர்டிகோ'. பிஎம்டபிள்யூவில் 'சென்சாடெக்'. லெக்ஸஸில் 'நூலக்ஸ்'. டொயோட்டாவில் 'சாஃப்டெக்ஸ்'. எனவே விலைப்பட்டியலில் இந்தப் பெயர்களைப் பார்த்து உயர்ரகத் தோல் என்று எண்ணிவிடக் கூடாது. விளையாட்டுக் கார்களில் காணும் 'அல்கன்டாரா'வும் மிருகத் தோல் அல்ல. 1970இல் ஜப்பானில் உருவாக்கப்பட்ட, பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் கலந்த மெல்லிழைத் துணி அது.

ஆனால் 'செயற்கை' என்றதும் மட்டம் என்று ஒதுக்கவும் வேண்டாம். டெஸ்லா தன் கார்களில் தோலை விட்டுவிட்டது. 2030க்குள் தன் மின்சாரக் கார்கள் முழுவதையும் தோல் இல்லாமல் தயாரிப்பதாக வோல்வோ 2021இல் அறிவித்தது.

தோல்தான் சொகுசு என்பதும் எப்போதும் இருந்த வழக்கம் அல்ல. பழைய ஆடம்பரக் கார்களில் மழையும் வெயிலும் படும் முன் இருக்கையில், ஓட்டுநருக்குத்தான் தோல் போட்டார்கள். பின்னால் அமரும் முதலாளிக்கு மென்மையான கம்பளித் துணி! ஜப்பானின் டொயோட்டா செஞ்சுரி காரில் இன்றைக்கும் கம்பளி இருக்கைக்கு மதிப்பு அதிகம்.

இரண்டையும் ஒப்பிட்டால்

சூடு: வெயிலில் நிறுத்திய காரில் இரண்டுமே சுடும். பொருளைவிட நிறம் முக்கியம். கறுப்பு இருக்கை அதிகம் சுடும். வெளிர்நிறம் குறைவாகச் சுடும். சிறு பிள்ளைகளை உட்கார வைக்குமுன் கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது.

வியர்வை: பூச்சு குறைந்த அசல் தோல் ஈரத்தை ஓரளவு உறிஞ்சி வெளிவிடும். பூச்சு தடித்த தோலில் இந்தப் பயன் குறைந்துவிடும். செயற்கையில் ஏறக்குறைய இல்லை. நம் ஊர் வெயிலுக்கு, துளையிட்ட இருக்கையும் அதன் உள்ளிருந்து இயங்கும் விசிறியும் இருக்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும். அதன் மேல் ஒரு தடித்த உறையைப் போட்டால் அந்த விசிறி வீண்.

ஆயுள்: நல்ல தோலைப் பராமரித்தால் நீண்டகாலம் வரும். நிறம் மங்கும், சுருக்கம் விழும். ஆனால் தேர்ந்த கைகளால் பூச்சைப் புதுப்பிக்க முடியும். கவனிக்காவிட்டால் காய்ந்து வெடிக்கும். பிவிசி கீறலைத் தாங்கும். ஆண்டுகள் போகப்போக அதை மென்மையாக வைத்திருக்கும் வேதிப்பொருள் வெளியேறி விறைக்கும். மலிவான பாலியூரித்தேன், ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் மேல்படலம் செதில் செதிலாக உரியும். உரிந்ததை ஒட்ட முடியாது; அந்தப் பகுதியையே மாற்ற வேண்டும்.

சுத்தம்: பிள்ளைகள் பாலையும் ஐஸ்கிரீமையும் கொட்டும் குடும்பக் காருக்குச் செயற்கைத் தோல் எளிது. மெல்லிய சோப்பு நீரில் நனைத்த துணி போதும். அசல் தோலைத் தையல் வழியே நீர் இறங்காதபடி துடைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும் என்று சிலர் செய்கிறார்கள். அது தூசியைப் பிடித்துப் பிசுக்கைத்தான் உண்டாக்கும். தலைக்குத் தேய்த்த எண்ணெய், அத்தர், ஆல்கஹால் கலந்த கைசுத்திகரிப்பான், புதுஜீன்ஸின் சாயம் ஆகியவை எந்த இருக்கைக்கும் ஆகாது.

'லெதர்' என்ற சொல்லுக்குள் மறைவது

ஏமாற்றம் பெரும்பாலும் முழுப் பொய்யால் வருவதில்லை. பாதி உண்மையால் வருகிறது. சொகுசுக் கார்கள் பலவற்றில், உடல் படும் நடுப்பகுதி மட்டும் அசல் தோல். பக்கங்கள், முதுகுப்புறம், கதவுப் பலகை எல்லாம் செயற்கை. நிறமும் வரியும் ஒன்றாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது வரிசை இருக்கை முழுவதுமே செயற்கையாக இருக்கலாம். இதையும் சந்தையில் 'லெதர்' என்றே சொல்கிறார்கள்.

இன்னொன்று 'பாண்டட் லெதர்'. தோல் வெட்டிய தூளையும் துண்டுகளையும் பசையால் சேர்த்து, மேலே செயற்கைப் படலம் ஏற்றியது. பெயரில் லெதர் உண்டு. தோலின் உறுதி இல்லை. நம் ஊர் குஷன் கடைகளில் 'ஒரிஜினல் லெதர்' என்று போட்டுத் தருவதில் பெரும்பாலானவை செயற்கையே.

சில நாடுகள் இதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியுள்ளன. மிருகத் தோல் அல்லாத பொருளுக்குத் தோல் என்ற சொல்லைப் பயன்படுத்துவதை பிரேசில் 1965இலேயே தடுத்தது. இத்தாலி 2020இல் இன்னும் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. நம் நாட்டிலும் பொருளின் தரத்தைப் பொய்யாகச் சொல்லி விற்கும் வியாபாரியை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி கேள்வி கேட்கலாம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

முதல் கேள்வி, தூய்மை பற்றியது. ஐரோப்பியக் கார்களின் தோல், நம் முறையில் அறுக்கப்படாத மாடுகளிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். செத்த ஆடு ஒன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்டார்கள். செத்ததை உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள். இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பதனிட்டால் தோல் தூய்மையாகிவிடும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. நம் பகுதிகளில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரண்டு மத்ஹபுகளிலும் பதனிட்ட மாட்டுத் தோல் தூய்மையானதே. பன்றித் தோல் பதனிட்டாலும் தூய்மையாகாது என்பதிலும் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

கார் இருக்கை பன்றித் தோலாக இருக்குமோ என்ற அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. பன்றித் தோல் கையுறை, காலணி உள்பட்டை போன்ற சிறு பொருட்களில்தான் அதிகம் வருகிறது. அதன் மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். ஆனால் மேலே வேறு வரியை அழுத்தியிருந்தால் அது தெரியாது. சந்தேகம் இருந்தால் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்பதே சரி.

சிறுத்தை போன்ற வேட்டை மிருகங்களின் தோலை விரிப்பாக்கி அதன்மேல் அமர்வதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பெருமைக்காரர்களின் வழக்கம் அது என்பதை அறிஞர்கள் காரணமாகச் சொல்வார்கள். தோல் இருக்கை ஹலால்தான். ஆனால் எதற்காக அதை வாங்குகிறோம் என்ற கேள்வி நம்மிடமே இருக்கிறது. கடனை ஏற்றிக்கொண்டு, அண்டை வீட்டாருக்குக் காட்டுவதற்காக வாங்கினால், தோல் தூய்மையாக இருந்தும் நோக்கம் தூய்மையாக இருக்காது.

இரண்டாவது கேள்வி, விற்பவரைப் பற்றியது. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் பட்டது. மழையில் நனைந்ததை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே பரப்பியிருந்தார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரை வன்மையாகக் கண்டித்தார்கள். நடுவில் மட்டும் தோல் வைத்த இருக்கையை 'ஃபுல் லெதர்' என்று விற்பது இதிலிருந்து எவ்வளவு தூரம்? பால் கறக்காமல் விட்டு, மடி பெருத்ததாகக் காட்டி விற்ற ஆட்டைத் திருப்பித் தரும் உரிமையை வாங்கியவருக்கு மார்க்கம் கொடுத்திருக்கிறது. கார் விற்கும் நம் சகோதரர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் நாணயம்தான்.

சுற்றுச்சூழல்

தோல் இறைச்சித் தொழிலின் உபபொருள். வீணாகப் போவதைப் பயனாக்குகிறது. ஆனால் பதனிடும் கழிவுநீர் என்ன செய்யும் என்பதை வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தொழில் நம் சமுதாயக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது. அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை 1996இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. மறுபக்கம், செயற்கைத் தோலின் மூலப்பொருள் பெரும்பாலும் பெட்ரோலியம். அது மக்காது, துணியும் பிளாஸ்டிக்கும் ஒட்டியிருப்பதால் மறுசுழற்சியும் கடினம். ஆகவே எதை வாங்கினாலும் நீண்டகாலம் பயன்படுத்துவதே இருப்பதில் நல்ல வழி.

வாங்குமுன் என்ன செய்வது?

'லெதரா?' என்று கேட்காதீர்கள். 'எந்தெந்தப் பகுதி அசல் தோல்?' என்று கேளுங்கள். பதிலை ரசீதிலோ ஒப்பந்தத்திலோ எழுதி வாங்குங்கள்.

பழைய காராக இருந்தால், அதன் அடையாள எண்ணைக் கொடுத்து, தொழிற்சாலையில் எந்த இருக்கையுடன் வெளிவந்தது என்று அதிகாரபூர்வ டீலரிடம் விசாரியுங்கள்.

இருக்கையின் அடியில் உறையின் ஓரம் தெரியும் இடத்தைப் பாருங்கள். பின்பக்கம் நார் நாராக, வெல்வெட்போல இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் செயற்கை. தண்ணீர் தெளித்துப் பார்ப்பதும் நெருப்பு காட்டுவதும் வேண்டாம். பூச்சுள்ள அசல் தோலும் நீரை உறிஞ்சாது.

புதிதாக உறை தைக்கும்போது, பக்க ஏர்பேக் இருக்கைக்குள் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதற்குரிய தையல் இல்லாத உறை, விபத்து நேரத்தில் ஏர்பேக் விரிவதைத் தடுக்கும். அழகுக்காகப் போட்ட உறை உயிருக்கு இடையூறாகிவிடக் கூடாது.

சிறு பிள்ளைகள் உள்ள, தினமும் ஓடும் குடும்பக் காருக்கு நல்ல செயற்கைத் தோலே போதும். அதில் குறைவு ஒன்றும் இல்லை. பராமரிக்க நேரமும் வசதியும் உள்ளவர், பல ஆண்டுகள் வைத்திருக்க நினைப்பவர், அசல் தோலை எடுக்கலாம். எதுவானாலும், கொடுக்கும் பணத்துக்குரிய பொருள் கையில் வர வேண்டும். விற்பவர் சொன்ன சொல்லும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக.