மேசைப்பந்தாட்டத்திற் பந்தின் சுழற்சி

மேசைப்பந்தாட்டத்திலே உலகப் பெருவீரரும் வீராங்கனையரும் ‘சேவிஸ்’ எனத் தொடக்கி அடிக்கும் பந்தின் எடை 2.7 கிராமே. ஆயினும் எதிர்நிற்போர் அதற்கு அஞ்சுகின்றனர். வேகத்திற்கன்று, சுழற்சிக்கே அஞ்சுகின்றனர். இச்சுழற்சி பிறக்குமாற்றையும், அதனை விதிகள் நெறிப்படுத்துமாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

மட்டை பந்தின் நடுவே நேராக மோதினாற் பந்து விரையும். ஓரத்தை உரசிச் சென்றாற் பந்து சுழலும். வல்லார் கையில் அது செக்கனுக்கு 50 முறை சுழல்வதுண்டு. பந்தின் விட்டம் 40 மில்லிமீற்றர். சுற்றளவு ஏறக்குறைய 12.6 சென்ரிமீற்றர். எனவே அதன் மேற்பரப்புச் செக்கனுக்கு 6 மீற்றருக்கு மேல் ஓடுகின்றதென மாணவரே கணக்கிட்டறியலாம்.

பந்தின் அடிப்புறத்தை உரசினாற் கீழ்ச்சுழற்சி உண்டாகும். அப்போது எதிராளியை நோக்கும் பந்தின் முகம் மேல்நோக்கி ஓடும். ஆதலின் அவர் மட்டையிற் பட்டதும் உராய்வு பந்தைக் கீழ்நோக்கித் தள்ள, அது வலையில் வீழும். இதனைத் தடுக்க அவர் மட்டையை உயர்த்தித் தூக்கி அடிப்பார். அடிப்பவரோ அதே கையசைவைக் காட்டிச் சுழற்சியற்ற பந்தை அனுப்பினால், தூக்கி அடித்த பந்து உயர எழுந்து எளிய இலக்காகிவிடும்.

இங்கே தசைவலிமை மாத்திரம் போதாது. மணிக்கட்டின் விரைவும், உரசும் நுட்பமும், மட்டையிலுள்ள றப்பரின் பற்றும் வேண்டும். ஆடவர்க்கும் மகளிர்க்கும் பந்தும் ஒன்றே, விதியும் ஒன்றே. 2016இல் றியோ ஒலிம்பிக்கில் மகளிர் தனியாட்டத் தங்கம் வென்ற சீன வீராங்கனை டிங் நிங், குந்தித் தாழ்ந்து அடித்த சேவிஸ் உலகறிந்தது.

நுட்பம் வளர வளர விதியும் வளர்ந்தது. விரல்களாற் பந்தைத் திருகி அடித்தல் 1937இல் விலக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டிற் பந்தின் விட்டம் 38 மில்லிமீற்றரிலிருந்து 40 ஆயிற்று. பெரிய பந்து சற்றுக் குறைவாகவே சுழலும். பந்தை அடிக்குங் கணத்தை உடலாலோ கையாலோ மறைத்தலும் 2002இல் தடுக்கப்பட்டது. பந்து விரித்த உள்ளங்கையில் இருந்து, 16 சென்ரிமீற்றருக்குக் குறையாது ஏறக்குறைய நேராக மேலெழுந்த பின்னரே அடிக்கப்படல் வேண்டும்.

இவ்விதிகள் எதிராளியை ஏமாற்றுதலைத் தடுத்தில. அவர் கண்ணை மறைத்தலையே தடுத்தன. அனைத்தையும் அவர் காணவிட்டும் அவரை அயரச் செய்தலே கலையாகும். மறைத்து வெல்லல் கலையாகாது. மட்டையேந்தும் நம் மாணவர் இவ்வேறுபாட்டை உளங்கொள்வாராக.