அயல்நாட்டில் அரசுப் பணி

அரசு வேலை என்றதும் நம் கள்ளக்குறிச்சி மாணவர்களின் மனக்கண்ணில் தோன்றுபவை தாலுகா அலுவலகமும் பள்ளிக்கூடமுமே. அயல்நாட்டில் வாழ்ந்துகொண்டே நம் அரசுக்குத் தொண்டாற்றும் துறையும் ஒன்றுண்டு. அதுவே 1946இல் தோன்றிய இந்திய வெளியுறவுப் பணி. வயது வரம்புக்குட்பட்ட பட்டதாரிகள் இதற்கான குடிமைப் பணித் தேர்வை எழுதலாம். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதவும் வழியுண்டு.

தேர்வு பெற்றவர் தில்லியில் பயிற்சி முடித்து, தூதரகத்தில் மூன்றாம் செயலாளராகச் சேர்கிறார். அங்கே அவருடைய முதற்கடமை யாது? தமக்கு ஒதுக்கப்பட்ட அயல்மொழியைக் கற்பதே! அரபு, சீனம், பிரெஞ்சு, ருசியம் போன்றவற்றுள் அது ஒன்றாக இருக்கும். அதில் தேறினால்தான் பணி உறுதியாகும். ஆங்கிலத்தில் வல்லவரும் அங்கே அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1977இல் இப்பணியில் சேர்ந்த எஸ். ஜெய்சங்கர், 1979 முதல் 1981 வரை மாஸ்கோவில் பணியாற்றியபடியே ருசிய மொழி பயின்றார். 2019இல் வெளியுறவு அமைச்சரானார்.

மொழிக்கு ஏன் இத்துணைச் சிறப்பு? கடையில் ரொட்டி கேட்கவும், செய்தித்தாள் படிக்கவும், அண்டை வீட்டாருடன் அளவளாவவும் இயலாதவர், அம்மக்களின் உள்ளத்தை அறிந்து நம் அரசுக்கு எங்ஙனம் எடுத்துரைப்பார்?

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் பயிலும் நண்பர்களை நான் காண்கிறேன். புதிய ஊரின் பேச்சுக்கும் பழக்கத்துக்கும் முதலில் செவி கொடுக்கிறார்கள். நாளடைவில் நம்மில் ஒருவராகிவிடுகிறார்கள். தூதரக அலுவலருக்கு வேண்டிய பண்பும் இதுவேயன்றோ? ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று தயங்கும் தோழர்களே, மலையிறங்கி வந்தவர்க்குக் கடல் கடப்பது அரிதன்று. விண்ணப்பத்தை நிரப்புங்கள்!