மானும் மரமும் வேட்டைக் குத்தகையும்

நெசவுக்கும் கடனுக்கும் விளைபொருள் விற்பனைக்கும் சங்கம் கண்டவர்கள் நாம். வேட்டைக்கும் ஒரு கூட்டுறவு உண்டு என்றால் நம் அங்கத்தினர்களிற் பலர் வியப்படையக்கூடும். ஜெர்மனி நாட்டுக் கிராமங்களில் அஃது இன்றும் நடைபெற்று வருகிறது. மரம் விற்றுப் பிழைக்கும் சிறு காட்டுடைமையாளர்கள் மானைக் கட்டுக்குள் வைக்க இம்முறை பயன்படுகிறதா என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

1848-ஆம் ஆண்டுப் புரட்சி வரையில், அந்நாட்டின் பெரும்பகுதியில் குடியானவனுடைய நிலத்தில் வேட்டையாடும் உரிமை பிரபுக்களிடமே இருந்தது. மான் பயிரைத் தின்றாலும் குடியானவன் அதைச் சுடலாகாது. புரட்சியின் பயனாக அவ்வுரிமை நிலத்தோடு சேர்ந்தது. ஆனால் துண்டு நிலம் உடையவர் ஒவ்வொருவரும் துப்பாக்கி தூக்கினால் மானும் மிஞ்சாது, மனிதருக்கும் ஆபத்து. ஆகவே, ஒரே சேர்ச்சியாக 75 ஹெக்டேர் உடையவர் மட்டும் தனியே வேட்டைப் பகுதி வைத்துக்கொள்ளலாம் என்றும், மற்றவர்களுடைய நிலங்களை ஒன்று சேர்த்துக் குறைந்தது 150 ஹெக்டேர் கொண்ட பொதுப் பகுதியாக்க வேண்டுமென்றும் 1952-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அந்நிலங்களின் சொந்தக்காரர்கள் யாவரும் சங்கத்தின் அங்கத்தினர்கள். விண்ணப்பமும் இல்லை, விலகலும் இல்லை.

வாக்களிக்கும் முறை நம் மகாசபைகளுக்குப் புதிது. நம்மிடம் ஆளுக்கு ஒரு வாக்கு. அங்கோ தீர்மானம் நிறைவேற, வந்திருப்போரில் பெரும்பான்மையும் வேண்டும். அவர்களுடைய நிலப்பரப்பில் பெரும்பான்மையும் வேண்டும். பெருநிலக்காரர் ஒருவர் சிறியவர்களை அமுக்கவும் முடியாது; சிறியவர்கள் கூடி அவரை ஒதுக்கவும் முடியாது.

சங்கம் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு விடுகிறது. வேட்டைக்காரர் சிலர் கூடி எடுத்துத் தொகையைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. காலம் ஒன்பது ஆண்டுகளுக்குக் குறையலாகாது என்பது பழைய விதி. சில மாநிலங்கள் அதைக் குறைத்துள்ளன. நிகர வருவாய் நில அளவுப்படி அங்கத்தினரைச் சேரும். மான் விளைக்கும் சேதத்திற்குச் சங்கமே பொறுப்பு. எனினும் அப்பொறுப்பைக் குத்தகைதாரர் ஏற்குமாறு ஒப்பந்தம் எழுதுவது வழக்கம்.

இதுவரை எல்லாம் செவ்வனே தோன்றுகிறது. இடைஞ்சல் குத்தகைதாரரின் மனத்தில் இருக்கிறது. பணம் கொடுத்து வேட்டைக்கு வருபவர் மான் நிறையத் திரிவதையே விரும்புவார். மரக்காரர் விரும்புவது குறைந்த மான்களை. நம் ஊர்க் கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவர் தண்ணீர் நிற்க வேண்டுமென்பார். வயற்காரர் மடையைத் திறக்க வேண்டுமென்பார். அந்த வழக்குத்தான் இதுவும். அதிகத் தொகை கேட்டவருக்கே குத்தகை என்று முடிவு செய்யும் சங்கம், தன் மரக்கன்றுகளை மானுக்கு விலைபேசி விற்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

சிறு உருவமுடைய ரோ மான் கொழுந்து தேடித் தின்பது. வெள்ளி ஃபர், ஓக், மேப்பிள் கன்றுகளின் நுனி மொட்டுகளே அதற்கு விருப்பம். ஸ்புரூஸ் கன்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. எனவே மான் பெருகிய காட்டில் பல மரக் கன்றுகள் முளைத்தாலும், வளர்ந்து நிற்பது ஸ்புரூஸ் ஒன்றே. 2018 முதல் வந்த வறட்சியிலும் பட்டை வண்டின் தாக்குதலிலும் பெருமளவு மடிந்தது அந்த ஸ்புரூஸ்தான். இனிக் கலப்புக் காடு வேண்டும் என்பதை உடைமையாளர் உணர்ந்துள்ளனர்.

இங்கே சட்டத்திலும் ஒரு முடிச்சு. அப்பகுதியின் முதன்மை மரமல்லாத கன்றுக்கு வேலி போடாமலிருந்தால் நஷ்டஈடு கிடையாது. ஸ்புரூஸ் காட்டில் புதிதாக ஃபர் நட்டவர், யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவரே, வெறுங்கையோடு நிற்கிறார். காட்டுச் சேதத்திற்கான முறையீட்டையும் ஆண்டுக்கு இருமுறை, மே 1-க்குள் அல்லது அக்டோபர் 1-க்குள் கொடுத்தாக வேண்டும். அண்டை அயலாரான வேட்டைக்காரர்மீது மனுக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

செம்மானிடத்தில் இம்முறை இன்னும் தடுமாறுகிறது. ரோ மான் சிறு வட்டத்துக்குள் வாழும். 150 ஹெக்டேர் அதற்குப் போதும். செம்மானோ பல கிராம எல்லைகளைத் தாண்டித் திரியும். ஒரு பகுதியினர் சுட்டுக் குறைப்பதை அடுத்த பகுதியினர் பெருக்கிவிடுவர். இதற்காகப் பல வேட்டைப் பகுதிகள் சேர்ந்து இயங்கும் அமைப்புக்கும் சட்டத்தில் இடமுண்டு.

அப்படியானால் முறை தோற்றதா? அவ்வாறு சொல்ல மாட்டோம். குத்தகை தானாக வேலை செய்வதில்லை. உடைமையாளர் விழித்திருந்தால் வேலை செய்கிறது. எத்தனை மான் சுடவேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். தவறினால் முறிக்கும் உரிமையை வைத்துக்கொள்ளலாம். குத்தகையே வேண்டாமென்று சங்கம் தன் செலவில் வேட்டைக்காரரை அமர்த்தவும் சட்டம் அனுமதிக்கிறது. வருவாய் குறையும், கன்று பிழைக்கும்.

கட்டாய அங்கத்துவம் பற்றியும் ஒரு சொல். உயிர்க்கொலை ஆகாது என்ற கொள்கையுடைய நில உடைமையாளர் ஒருவர் தம் நிலத்தில் வேட்டை கூடாதென்று வழக்காடினார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012-இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே, அத்தகையோர் விண்ணப்பித்துத் தம் நிலத்தை விலக்கிக்கொள்ளச் சட்டம் வழி செய்தது. அவர் நிலத்தில் தங்கும் மான் அடுத்தவர் கன்றைத் தின்னாதா என்பது அண்டையாரின் கேள்வி.

கணக்குப் பார்க்க அங்கே ஓர் எளிய உபாயம் உண்டு. காட்டுக்குள் சிறு சதுரமொன்றுக்கு வேலியிட்டு, சில ஆண்டுகள் கழித்து உடைமையாளரும் வேட்டைக்காரரும் சேர்ந்து போய்ப் பார்க்கிறார்கள். உள்ளே ஓக்கும் ஃபரும் இடுப்பளவு நிற்க, வெளியே ஸ்புரூஸ் மட்டும் நின்றால், அடுத்த மகாசபையில் பேச்சு நீளாது.