மூங்கில் வாள் வாத்தியார்... பொய் வயிற்றுவலி மாணவி! - சிரிக்க வைத்தே அழவைக்கும் ஒரு ஜப்பானிய மாங்கா

ஜெயித்தவர்கள் சுயசரிதை எழுதினால் அதில் என்னவெல்லாம் இருக்கும்? சின்ன ஊர், பெரிய கனவு, அவமானம், விடாமுயற்சி, கடைசியில் கைதட்டல். ஜப்பானின் பிரபல மாங்கா கலைஞர் அகிகோ ஹிகாஷிமுராவின் சுயசரிதையிலும் சின்ன ஊரும் பெரிய கனவும் உண்டு. ஆனால், அவர் கைதட்டல் கேட்டு அதை வரையவில்லை. இறந்துபோன தன் ஓவிய ஆசிரியரிடம் மன்னிப்புக் கேட்க வரைந்திருக்கிறார்.

`மாங்கா' என்றதும் உப்பு, மிளகாய்த்தூள் ஞாபகம் வருபவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஜப்பானிய காமிக்ஸுக்குத்தான் மாங்கா என்று பெயர். அங்கே அது குழந்தைகளுக்கு மட்டுமானதல்ல. சமையல், அலுவலகம், காதல், முதுமை என எல்லாவற்றுக்கும் மாங்கா உண்டு. சொந்த வாழ்க்கையை வரைவதும் அங்கே நீண்டகாலப் பழக்கம். ஹிரோஷிமா அணுகுண்டில் உயிர் தப்பிய கெய்ஜி நகசாவா, தன் சிறுவயது அனுபவத்தை வைத்துத்தான் `பேர்ஃபுட் கென்' தொடரை வரைந்தார். ஹிகாஷிமுராவின் கதையில் போர் இல்லை, குண்டு இல்லை. ஒரு டியூஷன் வாத்தியாரும் ஒரு மாணவியும்தான். ஆனாலும் மனதைப் பிசைந்துவிடுகிறது.

யார் இந்த அகிகோ?

1975-ல், ஜப்பானின் தெற்குப் பகுதியில் இருக்கும் மியாசாகி மாகாணத்தில் பிறந்தவர். `பிரின்சஸ் ஜெல்லிஃபிஷ்', `டோக்கியோ தராரெபா கேர்ள்ஸ்' போன்ற நகைச்சுவைத் தொடர்களால் புகழ்பெற்றவர். இரண்டாவது தொடரின் ஆங்கிலப் பதிப்பு 2019-ல், காமிக்ஸ் உலகின் பெரிய கௌரவமான ஐஸ்னர் விருதை வென்றது.

அவர் 2012 முதல் 2015 வரை `கோகோஹானா' என்ற பெண்கள் மாங்கா இதழில் வரைந்த சுயசரிதைத் தொடர் `கக்குகக்கு ஷிக்காஜிக்கா'. `இப்படி இப்படியாக நடந்தது' என்று கதையைச் சுருக்கிச் சொல்லும்போது ஜப்பானியர்கள் பயன்படுத்தும் தொடர் இது. `கக்கு' என்றால் `வரைவது' என்றும் பொருள். தலைப்பிலேயே சிலேடை! ஆங்கிலத்தில் `பிளாங்க் கேன்வாஸ்' என்ற பெயரில் 5 புத்தகங்களாக வந்திருக்கிறது.

`நான்தான் மேதை!'

கதையில் வரும் அகிகோ, பள்ளி இறுதியாண்டு மாணவி. தான் பிறவி மேதை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஓவியக் கல்லூரியில் சேர வேண்டியது, படிக்கும்போதே மாங்கா வரைந்து ஸ்டார் ஆக வேண்டியது... இதுதான் திட்டம். நுழைவுத் தேர்வுக்குத் தயாராக, தோழி சொன்ன ஓவிய வகுப்புக்குப் போகிறாள். மாதக் கட்டணம் 5,000 யென். அங்கே டிராக் சூட்டும் கையில் மூங்கில் வாளுமாக நிற்கிறார், ஹிடாகா கென்சோ. சிறு பிள்ளைகள் முதல் தாத்தா, பாட்டிகள் வரை எல்லோருக்கும் ஒரே அதட்டல்தான். அகிகோவின் ஓவியத்தைப் பார்த்தவர் கொஞ்சமும் தயங்காமல் `மோசம்' என்று சொல்லிவிடுகிறார்.

அலறியடித்துத் தப்பிக்க அகிகோ கண்டுபிடிக்கும் வழி நமக்கெல்லாம் தெரிந்ததுதான், வயிற்றுவலி! ஆனால், அந்த முரட்டு மனிதர் அதை அப்படியே நம்பிவிடுகிறார். அவளை முதுகில் சுமந்துகொண்டு பஸ் ஸ்டாப் வரை நடக்கிறார். குற்ற உணர்ச்சியில் நெளிகிறாள் அகிகோ.

படிக்கும்போது இது சிரிப்புக் காட்சி. முழுக்கதையும் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், எல்லாமே இதற்குள் இருப்பது புரிகிறது. அவள் பொய் சொல்கிறாள், அவர் நம்புகிறார். பல வருடங்களுக்கு இருவருக்கும் இடையே நடப்பது இதுதான்.

சொல்லாமல் மறைத்த ஒன்று

ஆசிரியருக்குத் தெரிந்த மந்திரம் ஒரே ஒரு சொல்தான், `வரை!'. பிளாஸ்டர் சிலையைப் பார்த்து பென்சிலில் வரைவது, பிறகு மறுபடியும் வரைவது என்று அவளை விடாமல் பயிற்றுவிக்கிறார். அகிகோ பெரிய ஓவியர் ஆவாள் என்று மனதார நம்புகிறார். அவளோ தனக்கு மாங்காதான் கனவு என்பதை அவரிடம் சொல்லவே இல்லை.

வடக்கே, கனசாவா நகரத்தின் கலைக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. அதட்ட ஆள் இல்லாத சுதந்திரம்! நண்பர்கள், காதல், அரட்டை என்று நாள்கள் ஓட, கேன்வாஸ் மட்டும் வெள்ளையாகவே இருக்கிறது. அவளைப் பார்க்க அவ்வளவு தூரம் கடந்து ஆசிரியர் வருகிறார். அவளுக்கோ அது இடைஞ்சலாகத் தெரிகிறது. அந்த வருகையை அவள் எப்படி நடத்தினாள் என்பதை ஹிகாஷிமுரா ஒளிக்காமல் வரைந்திருக்கிறார். `அப்போது எனக்குச் சின்ன வயசு' என்ற சமாதானத்தைக்கூடத் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

படிப்பு முடிந்து ஊர் திரும்பி, கால் சென்டர் வேலை பார்த்தபடியே ஆசிரியரின் வகுப்பிலும் கைகொடுக்கிறாள். கிடைத்த நேரத்தில் மாங்கா வரைந்து அனுப்புகிறாள். 1999-ல் முதல் மாங்கா வெளியாகிறது. வேலைக்காக ஒசாகாவுக்குக் குடிபெயர்கிறாள். அப்போதுதான் அந்தச் செய்தி வருகிறது. ஆசிரியருக்கு நுரையீரல் புற்றுநோய். டாக்டர்கள் கொடுத்த கெடு 4 மாதம்.

தனக்குப் பிறகு வகுப்பை அகிகோ நடத்த வேண்டும் என்பது ஆசிரியரின் ஆசை. சினிமாவாக இருந்தால் அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு ஓடியிருப்பாள். நிஜத்தில் அவளுக்கு டெட்லைன் இருந்தது. இந்த அத்தியாயம் முடியட்டும், அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிப்போகிறது. அந்த `அடுத்த மாதம்' நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஊரில் இருக்கும் அப்பாவுக்கோ, பள்ளி ஆசிரியருக்கோ செய்யாமல் விட்ட ஒரு போன்காலாக!

ஒரே கட்டத்தில் இரண்டு அகிகோ

இந்த மாங்காவின் பலம் அதைச் சொல்லியிருக்கும் விதம். படத்தில் இருக்கும் இளம் அகிகோ கும்மாளம் போடுகிறாள், பொய் சொல்கிறாள், தப்பித்து ஓடுகிறாள். பக்கத்திலேயே சின்ன எழுத்துகளில் நடுவயது அகிகோ, `சென்சே...' என்று ஆசிரியரை அழைத்துப் பேசுகிறார். `சென்சே' என்றால் ஆசிரியர். என்ன நடக்கப்போகிறது என்று பெரியவருக்குத் தெரியும், சின்னவளுக்குத் தெரியாது. அவளைத் தடுக்கவும் முடியாது. சிரித்துக்கொண்டே வாசிக்கும் நமக்குத் தொண்டை அடைப்பது அந்த இடங்களில்தான்.

ஆசிரியரையும் அவர் தெய்வமாக்கவில்லை. அதட்டுவார், பிடிவாதம் பிடிப்பார், மாணவர்களின் மனசைப் பற்றி யோசிக்காமல் பேசுவார். இன்றைக்கு அப்படி ஒருவர் வகுப்பெடுத்தால் பெற்றோர்கள் சும்மா விடமாட்டார்கள். அதையும் மீறி அவர் நெஞ்சில் நிற்கக் காரணம், யாரையும் `உன்னால் முடியாது' என்று அவர் கைவிடாததுதான். மோசம் என்பார், கூடவே பென்சிலையும் கையில் திணிப்பார்.

மியாசாகியில் நிஜமாகவே வாழ்ந்த ஓவியர் ஹியோகா கென்சோதான் இந்தக் கதாபாத்திரத்தின் மூலம். அகிகோவின் கதாபாத்திரப் பெயர் ஹயாஷி அகிகோ.

திரையிலும் சென்சே

இந்தத் தொடர் 2015-ல் `மாங்கா தாய்ஷோ' விருதையும், ஜப்பான் மீடியா ஆர்ட்ஸ் விழாவில் மாங்கா பிரிவின் முதல் பரிசையும் வென்றது. 2025 மே மாதம் திரைப்படமாகவும் வந்தது. அகிகோவாக மெய் நகனோ, ஆசிரியராக யோ ஒய்சுமி நடித்தார்கள். திரைக்கதையில் ஹிகாஷிமுராவும் பங்களித்திருக்கிறார்.

புதிதாக மாங்கா படிக்கப்போகிறவர்களுக்கு ஒரு டிப்ஸ்: பக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் இருபது பக்கங்கள் கண் தடுமாறும். பிறகு பழகிவிடும்.

ஆசிரியர் ஆசைப்பட்டதுபோல அகிகோ கேன்வாஸ் ஓவியராகவில்லை. ஆனால், அவர் உயிரைக் கொடுத்துப் பயிற்றுவித்த கைதான் இன்றைக்கும் வரைந்துகொண்டிருக்கிறது. அந்தக் கை வரைந்ததிலேயே நேர்மையான ஓவியம், சென்சேவின் முகம்தான்!