தண்ணீரை எண்ணும் சில்லு

வீட்டு வாயிலருகே, தூசியும் சிலந்திவலையும் மூடக் கிடக்கும் நீர்மானியை வீட்டார் குனிந்து பார்ப்பது அரிது. வழமைக்கு மாறான தொகையுடன் பட்டியல் வந்த பின்னரே அதன் நினைவு எழுகிறது. அப்பொழுதும் மானியை ஏசுவோர் பலர். அதை வாசித்தறிவோர் சிலரே.

மானி அறிவது பணத்தையன்று. தன்னைக் கடந்து சென்ற நீரின் கனவளவை மட்டுமே. அதனை அளக்கப் பெருவழக்கான முறைகள் இரண்டு. முதலாவது, நெல்லைக் கொத்தினால் அளந்து கொட்டுவதை ஒத்தது. அளவு தெரிந்த சிற்றறையொன்று நிரம்புகிறது. பின்வரும் நீரின் அமுக்கம் உள்ளிருக்கும் முசலத்தைத் தள்ள, நிரம்பிய நீர் வெளியேறுகிறது. எத்தனை முறை நிரம்பியது என எண்ணினாற் போதும்.

இரண்டாவது, சிறுவரின் பனையோலைக் காற்றாடியை ஒத்தது. சிறு துவாரங்களின் வழியே பாயும் நீர், இறகுகள் கொண்ட சில்லொன்றைச் சுழற்றுகிறது. நீர் விரைந்தாற் சில்லும் விரையும்; தளர்ந்தாற் தளரும். மணிக்கூட்டில் உள்ளவை போன்ற பற்சில்லுகள் அச்சுற்றுக்களை முகப்பிலுள்ள இலக்கங்களாக மாற்றுகின்றன. பல மானிகளிற் கறுப்பு இலக்கங்கள் முழுக் கனமீற்றர்களையும், சிவப்பு இலக்கங்கள் அதன் பின்னங்களையும் காட்டும். ஒரு கனமீற்றர் 1000 லீற்றர். இலங்கையின் நீர்ப் பட்டியலில் ‘அலகு’ எனப்படுவது அதுவே.

விருந்தினர் விடுதிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பெருங்குழாய்களும், அவற்றுக்கேற்ற பெருஞ்சில்லுகளும் வேண்டும். ஆனால் பெரிய சில்லு சோம்பேறி. நள்ளிரவில் விடுதியில் ஒரு குழாய் மாத்திரம் திறந்திருந்தால், அச்சிறு ஓட்டம் அதனை அசைக்காமலே கடந்துவிடும். இக்குறை நீக்கவே சிலவிடங்களிற் பெரிய மானியுடன் சிறிய மானியொன்றையும் இணைக்கின்றனர். ஓட்டம் சிறிதாயின் நீர் சிறிய மானிவழியே செல்லும். பெருகியதும் வால்வு ஒன்று திறந்து பெரிய மானிக்கு வழிவிடும்.

வீட்டு மானியும் குற்றமற்றதன்று. நாட்பட்டுத் தேய்ந்த மானி பெரும்பாலும் குறைத்தே எண்ணும். அதனால் நட்டமடைவது நீர் வழங்குவோரே. மாறாக, நீர் நின்று மீண்டும் வரும் ஊர்களில், குழாயிலிருந்த காற்று முன்னே விரைந்து சில்லைச் சுழற்றி, நீரெனக் கணக்கில் ஏறுவதுண்டு. பாவனையாளரின் முறைப்பாட்டை எடுத்த எடுப்பிலே தள்ளிவிடுவது நியாயமாகாது.

எனினும், திடீரென உயரும் பட்டியலுக்குப் பல வேளைகளிற் காரணம் ஒளிந்திருக்கும் கசிவே. நிமிடத்துக்கு ஒரு லீற்றர் கசிந்தால் நாளொன்றுக்கு 1440 லீற்றர். முப்பது நாளில் 43 அலகுகள். பாவனை கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறுவதால், சிறு வருமானமுள்ள குடும்பத்துக்கு இது பேரிடி.

கண்டறியும் வழி எளிது. இரவில் எல்லாக் குழாய்களையும் பூட்டி, மானியின் முகப்பிலுள்ள சின்னஞ்சிறு சில்லை நோக்குதல் வேண்டும். கூரைமேல் தாங்கி உள்ள வீட்டில் தாங்கி நிரம்பும்வரை காத்திருத்தல் அவசியம். இல்லையேல் நிரம்பும் நீரையே கசிவென மயங்க நேரும். பின்னரும் சில்லு சுழன்றால், தாங்கிக்கு நீர் செல்லும் வால்வையும் பூட்டிப் பார்க்கலாம். அப்போது நின்றுவிட்டால், குறை தாங்கியின் மிதவையிலோ, மலசலகூடத் தொட்டியிலோ, தாங்கியிலிருந்து இறங்கும் குழாய்களிலோ இருக்கும். நில்லாது சுழன்றால், மானிக்கும் அவ்வால்வுக்கும் இடையே, பெரும்பாலும் முற்றத்து மண்ணுக்கடியில், குழாய் வெடித்திருக்கிறது.