பிள்ளையின் பெயரை எங்கே பதிவது?

சென்ற ஆண்டு எமது குடும்பத்தில் ஒரு பேத்தி பிறந்தாள். பிறந்தது கடல் கடந்த நாட்டிலேயாயினும், நாள் பார்த்து, நட்சத்திரத்துக்குரிய முதலெழுத்துப் பார்த்து, பெரியவர்கள் எல்லாருமாக ஆராய்ந்து ஒரு பெயரைத் தெரிந்து இங்கிருந்தே சொல்லியனுப்பினோம். 31ஆம் நாள் மாலையில் மகன் தொலைபேசியில் அழைத்தான்.

"பிள்ளையின்ரை பேரைப் பதிஞ்சாச்சு" என்றான்.

"அதுக்குள்ளை பதிவாளர் கந்தோருக்கும் போட்டு வந்திட்டியோ?" என்று கேட்டோம்.

"அந்தப் பதிவு நாளைக்கு. இது இணையத்திலை. வேறை ஆரும் எடுக்க முதல் எடுத்துப் போட்டன்."

பெயரையும் ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடுமோ என்று அன்றிரவு நெடுநேரம் சிந்தித்தோம். எமது இளமைக் காலத்திற் பெயர் என்பது கொடுக்கப்படும் பொருள். எடுக்கப்படும் பொருள் அன்று. ஓர் ஊரிலே பத்துக் கந்தசாமிகள் இருப்பர். வளவின் பெயரோ தகப்பனாரின் பெயரோ முன்னே வந்து அவர்களைப் பிரித்துக் காட்டும். ஒருவர் இருப்பதால் மற்றவர் கந்தசாமியாக இருக்க முடியாமற் போனதில்லை. இணையத்திலோ, ஒரே எழுத்துக்கூட்டலும் ஒரே ஈறும் உடைய பெயர் ஒரு காலத்தில் ஒருவருக்கே உரியது. இளைஞர் 'டொமெயின்' என்று சொல்லும் இந்த இணையப் பெயரைப் பற்றி நாம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை, பெற்றோராகிய வாசகர்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே எழுதுகின்றோம்.

பெயர் இடாப்பு

இணையத்தில் இணைந்துள்ள கணினிகள் ஒன்றையொன்று இலக்கங்களாலேயே அறிந்துகொள்கின்றன. மனிதருடைய நினைவோ இலக்கத்தை விடப் பெயரையே எளிதிற் பற்றிக்கொள்ளும். ஆகவே, இன்ன பெயருக்கு இன்ன இலக்கம் என்று காட்டும் ஓர் இடாப்பு வேண்டியதாயிற்று. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில், எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய குழுவினர் அந்த இடாப்பை ஒரே கோப்பாகப் பேணிவந்தனர். கணினிகள் பெருகவே ஒரு கோப்பினால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியவில்லை. 1983இல் போல் மொக்கபெற்றிஸ் என்னும் அறிஞர் அவ்விடாப்பைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொருவர் பொறுப்பில் விடும் முறையை வகுத்தார். நாடு முழுவதற்கும் ஒரே கணக்குப்பிள்ளை இருந்த நிலை மாறி, ஊருக்கு ஒரு விதானையார் வந்தது போன்ற ஏற்பாடு இது.

'கொம்' என்னும் ஈற்றுடன் முதற்பெயர் பதிவானது 1985 மார்ச் 15ஆந் திகதி. பதிந்தது மசாசுசெற்ஸ் மாநிலத்துக் கணினிக் கம்பனி ஒன்று. இலங்கைக்குரிய 'எல்.கே.' என்னும் ஈறு 1990இல் வந்தது. தமிழ் எழுத்திலேயே 'இலங்கை' என்னும் ஈறும், சிங்கள எழுத்தில் 'லங்கா' என்னும் ஈறும் 2010இல் அங்கீகாரம் பெற்றன. தொடக்கத்திற் பெயர் பதிவதற்குக் கட்டணமே இருக்கவில்லை. 1995இலேயே ஆண்டுக்கு 50 டொலர் என்று அறவிடத் தொடங்கினர். பின்னர்ப் பதிவுசெய்து கொடுக்கும் நிறுவனங்கள் பலவாகி, போட்டியினாற் கட்டணம் தாழ்ந்தது. இன்று 'கொம்' பெயரொன்றை ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து டொலர் அளவிற் பெறலாம்.

வாடகை வீடும் சொந்த வாசலும்

"வியாபாரிக்குப் பெயர் வேண்டும், பாலுண்ணும் பிள்ளைக்கு எதற்கு?" என்று வாசகர் கேட்கலாம். நாமும் அப்படித்தான் கேட்டோம்.

நம்மிற் பலருடைய மின்னஞ்சல் முகவரி ஏதோ ஒரு கம்பனியின் பெயரை வாலிலே தாங்கியிருக்கிறது. அது வாடகை வீட்டு முகவரி. கம்பனி கதவை மூடினாலோ, நாமே வேறிடம் செல்ல விரும்பினாலோ, முகவரியை விட்டுவிட்டே வெளியேற வேண்டும். ஜியோசிற்றீஸ் என்னும் சேவையிலே எண்ணிறந்தோர் தங்கள் குடும்பப் பக்கங்களை வைத்திருந்தனர். அமெரிக்காவில் 2009 ஒக்ரோபரில் அது மூடப்பட்டபோது அந்த முகவரிகள் யாவும் அற்றுப்போயின. சொந்தப் பெயருடையவர்க்கு இந்த இடர் இல்லை. அஞ்சலைக் கையாளும் நிறுவனத்தை அவர் எத்தனை முறை மாற்றினாலும், பெயர் அவரோடு செல்லும். நண்பர் எழுதும் கடிதம் பழைய முகவரிக்கே வந்துசேரும். கல்வி, தொழில், திருமணம் என்று நாடு நாடாகச் சென்றுவிடும் எமது பிள்ளைகளுக்கு, மாறாத முகவரி ஒன்று இருப்பது சிறிய நன்மை அன்று.

முந்தியவருக்கே பெயர்

இணையப் பெயர்ப் பதிவில் முந்தி வந்தவருக்கே முதலிடம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உசி நிசான் என்பவர் சிறு கணினி வியாபாரம் நடத்திவந்தார். நிசான் என்பது அவருடைய குடும்பப் பெயர். 1994இல் அப்பெயரை 'கொம்' ஈற்றுடன் பதிந்துகொண்டார். 1999இல் அதே பெயருடைய யப்பானிய மோட்டார்க் கம்பனி அவர்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. செலவு அவரை வாட்டியது. எனினும் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. 2020இல் அவர் காலமானபோதும் அது அவரிடமே இருந்தது.

பிறருடைய பெயரை எடுத்து வைத்து விலைபேசுவோரும் உளர். இத்தகைய பிணக்குகளைத் தீர்ப்பதற்கு 1999இல் ஒரு நடுத்தீர்ப்பு முறை வகுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் நடிகை ஜூலியா றொபேர்ட்ஸ் தமது பெயரை அதன் வாயிலாக மீட்டார். அதே ஆண்டிற் பாடகர் ஸ்ரிங் தோற்றார். அவர் பெயர் ஆங்கிலத்திற் பலரும் வழங்கும் பொதுச்சொல் என்பது அதற்கொரு காரணம். உலகப் புகழ் பெற்றவருக்கே நிலைமை இதுவாயின், புகழில்லாத நம் போன்றோர் பெயரைப் பிறர் பதிந்துவிட்ட பின் மீட்பது எளிதாகாது. அவரும் அப்பெயரையே உடையவராயின், நியாயமும் அவர் பக்கத்திலேயே இருக்கும்.

எமது பெயர்களின் சங்கடம்

மேல்நாட்டவருக்குக் குடும்பப் பெயர் ஒன்று உண்டு. அதை ஒருமுறை பதிந்துவிட்டால் தாய், தந்தை, பிள்ளைகள் அனைவரும் ஒரே கூரையின்கீழ் முகவரி வைத்துக்கொள்ளலாம். எம்மவருள் பெரும்பாலாருக்கு அத்தகைய பெயர் இல்லை. தகப்பன் பெயர் முன்னே நிற்க, தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிச் செல்கிறது. பெண் மணம்முடித்தால் அவளுடைய முதலெழுத்தும் மாறிவிடுவதுண்டு. ஆகையால், மகளுக்குப் பெயர் பதிவோர் அவளுக்கென்று இட்ட பெயரையே முதன்மையாகக் கொண்டு பதிவது நலம். தந்தையின் பெயரும் கணவரின் பெயரும் மாறி மாறி வரலாம். தொட்டிலில் இட்ட பெயர் மாறுவதில்லை.

எழுத்துக்கூட்டல் இன்னொரு சங்கடம். 'த' என்னும் எழுத்தை நாங்கள் பெரும்பாலும் 'ரீ', 'எச்' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளால் எழுதுவோம். வேறு சிலர் 'டீ' என்னும் ஓரெழுத்தால் முடிப்பர். யாழினி என்னும் பெயரில் வரும் 'ழ'வுக்கு ஒருவர் 'எல்' இடுவார். மற்றொருவர் 'இஸட்', 'எச்' இடுவார். தமிழில் ஒன்றாயிருக்கும் பெயர் ஆங்கிலத்தில் நான்காகிவிடுகிறது. எமது வீட்டிலும் இதன் பொருட்டு ஒரு வாரம் வாக்குவாதம் நிகழ்ந்தது. கடவுச்சீட்டில் எப்படி எழுதப்போகின்றோமோ அப்படியே இங்கும் எழுதுவதென்று இறுதியில் முடிவாயிற்று.

தமிழெழுத்திலேயே பெயர் பதியவும் இன்று வழியுண்டு. கணினி உள்ளே அதை ஆங்கில எழுத்துக் குறிகளாக மாற்றிக்கொள்ளும். காண்பவருக்குத் தமிழே தோன்றும். ஆயினும் தமிழெழுத்து முகவரியை எல்லா அஞ்சற் சேவைகளும் இன்னும் ஏற்பதில்லை. அழகுக்குத் தமிழ்ப் பெயரும் அலுவலுக்கு ஆங்கில எழுத்துப் பெயருமாக இரண்டு வைத்திருப்போர், இரண்டுக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும் என்பதை மறத்தலாகாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய ஈறுகள் இப்போது வந்துவிட்டன. அவையெல்லாவற்றிலும் பிள்ளையின் பெயரைப் பதிய முனைவது வீண்செலவு. முதலாண்டிற் சொற்ப விலைக்குக் கொடுத்து, அடுத்த ஆண்டிற் பன்மடங்கு கேட்பதும் உண்டு. புதுப்பிக்கும் கட்டணத்தைக் கேட்டறிந்த பின்னரே பதிதல் வேண்டும்.

உறுதி அன்று, குத்தகை

பதிந்த பெயர் முதுசொம் போல என்றும் நமதே என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. காணிக்கு உறுதி உண்டு. இணையப் பெயருக்குக் குத்தகைதான் உண்டு. 'கொம்' போன்ற பொது ஈறுகளில் ஓராண்டு முதல் பத்தாண்டு வரையிலேயே ஒரு தடவையிற் பதியலாம். தவணை முடிந்ததும் பணம் கட்டாவிடின், சில நாட் சலுகைக்குப் பின் 30 நாள் மீட்புக் காலம் வரும். அப்போது மேலதிகக் கட்டணம் செலுத்தி மீட்கலாம். அதுவும் கழிந்தால், ஐந்து நாளிற் பெயர் பொதுவில் விடப்படும். இவ்வாறு விழும் பெயர்களுக்காகக் காத்திருந்து பற்றிக்கொள்வதையே தொழிலாகக் கொண்டோரும் உளர்.

எமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தில் இது நிகழ்ந்தது. தகப்பனார் கருத்துள்ளவர். இரண்டு பிள்ளைகளுடைய பெயரையும் அவர்கள் பள்ளிக்கூடம் செல்லுமுன்பே பதிந்துவைத்தார். பதிவுக்குக் கொடுத்த தொடர்பு முகவரி அவருடைய கந்தோர் மின்னஞ்சல். கடவுச்சொல் அவருடைய நினைவில். ஒருநாள் திடீரென்று அவர் காலமானார். கந்தோர் அவருடைய அஞ்சற்கணக்கை மூடியது. புதுப்பிக்கும்படி வந்த அறிவித்தல்களைப் படிப்பதற்கு எவருமில்லை. ஆண்டுத் திவசம் முடிந்து சில வாரத்தில், வெளிநாட்டிற் படித்துக்கொண்டிருந்த மகளுக்குக் கடிதங்கள் வருவது நின்றுவிட்டது. அவள் தன் பெயரைத் தேடிப் பார்த்தபோது, தகப்பனார் ஆசையோடு பதிந்துவைத்த அந்தப் பெயரிலே சூதாட்ட விளம்பரம் ஒன்று நின்றது.

இது மானக்கேடு மாத்திரம் அன்று; ஆபத்தும் ஆகும். பெயரைப் புதிதாக எடுத்தவர், அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களையும் பெற வல்லவர். வங்கிக் கணக்கும் பிற கணக்குகளும் பழைய முகவரியிலேயே இருப்பின், "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று ஒரு சொற் கேட்டு, மறுமொழியைத் தம் கைக்கு வரப்பண்ணலாம். அந்தப் பிள்ளை அழுகையை அடக்கிக்கொண்டு, தான் கணக்கு வைத்திருந்த ஒவ்வோரிடத்திலும் முகவரியை மாற்றுவதற்கு ஒரு மாதம் சென்றது. பெயர் இன்றுவரை மீளவில்லை.

செய்ய வேண்டியவை

ஆகவே, பெயர் பதியும் பெற்றோர் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, பதிவு உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். கணினி தெரிந்த மருமகனோ, பக்கம் அமைத்துக் கொடுத்தவரோ தம் பெயரிற் பதிந்துவிட்டால், அவர்தாம் சொந்தக்காரர்.

இரண்டாவது, தொடர்பு முகவரியாகக் கந்தோர் முகவரியையோ, பதியப்படும் அப்பெயரையே கொண்ட முகவரியையோ கொடாதீர்கள். பெயர் விழுந்தால் அறிவித்தலும் அதனோடு விழும்.

மூன்றாவது, தானாகவே புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். ஆயினும் பணம் செல்லும் வங்கி அட்டைக்கும் முடிவுத் திகதி உண்டு என்பதை மறவாதீர்கள்.

நான்காவது, "உடனே பணம் கட்டுக" என்று அச்சுறுத்தி வரும் கடிதம், நீங்கள் பதிந்த இடத்திலிருந்துதான் வந்ததா என்று பாருங்கள். ஏமாற்றுக் கடிதங்களும் வருவதுண்டு.

ஐந்தாவது, எந்த நிறுவனத்திற் பதிந்தோம், எந்நாளிற் தவணை முடியும், கணக்கை எவ்வாறு திறப்பது என்பவற்றை எழுதி, காணி உறுதிகளோடு பூட்டி வையுங்கள். கணவனுக்கு மட்டுமன்றி மனைவிக்கும் அது தெரிந்திருத்தல் வேண்டும்.

இவை யாவற்றிலும் பெரியது ஒன்று உண்டு. பெயரைப் பதிந்து வைத்தல் வேறு. அந்தப் பெயரின்கீழ்ப் பிள்ளையைக் காட்சிக்கு வைத்தல் வேறு. குளிக்கும் படம், பிறந்த திகதி, பள்ளிக்கூடத்தின் பெயர், தாயின் முன்னைப் பெயர் ஆகியவற்றை ஊரறியப் பரப்புதல் தகாது. பிற்காலத்தில் வங்கிகள் ஆளை அடையாளங் காணக் கேட்கும் கேள்விகளுக்கு விடைகள் இவையே. பதிந்தவரின் விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் முன்னர் எவரும் பார்க்கக் கூடியதாக இருந்தது. 2018இல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின், பெரும்பாலும் அவை மறைக்கப்படுகின்றன. எனினும் பதியும்போதே கேட்டு உறுதிசெய்துகொள்வது புத்தி. பிள்ளை வளரும்வரை அப்பெயர் வெறும் வளவாக, வேலியடைத்தபடி கிடக்கட்டும்.

எமது மகனிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். "அம்மா, அவளுக்குப் 18 வயது வர எல்லாத்தையும் அவளின்ரை கையிலை குடுத்திடுவன். வேண்டாமெண்டால் அவள் விடட்டும்" என்றான். அந்தச் சொல் எமக்கு நிறைவளித்தது. பெயர் சூட்டியவர் நாமாயினும், பெயர் அவளுடையது. அதைக் காத்துவைத்து உரிய காலத்திற் கையளிப்பதே பெரியோர் கடன். விபரங்கள் எழுதிய தாளொன்றை அவன் அனுப்பியிருக்கிறான். அது இப்போது எங்கள் அலுமாரியில், அவளுடைய சாதகக் குறிப்போடு பத்திரமாக இருக்கிறது.