மார்ச் வெயிலை நம்பாதே!

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆய்வுக் கட்டுரை, பகுதி நேர வேலைன்னு ஆணி ஜாஸ்தி. அதுக்கு நடுவுல கையெல்லாம் மண்ணாகிற மாதிரி புதுசா ஒரு வேலை. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

நான் இருப்பது இங்கிலாந்தில், ஷெஃபீல்டில். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி, எண்பதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். (மனசுக்குள்ளதான் பாட்டி. நேரில் பேர் சொல்லித்தான் கூப்பிடணுமாம். எனக்கு நாக்கு திரும்பவே ஒரு மாசம் ஆச்சு.) ஜனவரியில் அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். இப்போதைக்குக் குனியக் கூடாது. "தோட்டம் காடாப் போச்சுன்னா, வீட்டை வித்துட்டு ஃபிளாட்டுக்குப் போன்னு பசங்க ஆரம்பிச்சிடுவாங்க"ன்னு வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னார். என் வாய் சும்மா இருக்குமா? "நான் பண்றேன்"னு சொல்லிட்டேன்.

என் லட்சணம் எனக்குத் தெரியும். போன வருஷம் மார்ச் கடைசியில் நாலு நாள் சுள்ளுன்னு வெயில். கோடை வந்துடுச்சுன்னு நினைச்சு, ஜன்னலோரம் வளர்த்த பன்னிரண்டு மிளகாய் நாற்றையும் வெளியே நட்டேன். ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால் எல்லாம் வேகவைச்ச கீரை மாதிரி கிடந்தது. ராத்திரி உறைபனி. இங்கே மே மாசம் நடு வரைக்கும்கூட அது வரலாம்.

நம்ம ஊர்ல ஆடிப்பட்டம்னா மழைக்குக் காத்திருப்போம். இங்கே காத்திருக்க வேண்டியது மண் சூட்டுக்கு. பகல் வெயில் முதுகில் சுட்டாலும் மண் இன்னும் குளிர்காலத்தில்தான் இருக்கும். சுமார் 7 டிகிரி வந்தால்தான் பெரும்பாலான காய்கறி விதை ஒழுங்காக முளைக்கும். அதுக்கு முன்னாடி போட்டால் அழுகும். பாட்டி ஒரு வழி சொன்னார்: களை தானா முளைக்க ஆரம்பிச்சா மண் தயார்னு அர்த்தம். ஈரமும் பார்க்கணும். ஒரு பிடி மண்ணை அமுக்கினால் களிமண் உருண்டையாக நிற்கக் கூடாது, உதிரணும். பூட்ஸில் ஒட்டுகிற மண்ணில் கால் வைக்கவே கூடாது, இறுகிப்போயிடும்.

அப்போ சும்மா இருக்கலாமான்னா, அதுவும் இல்லை. மார்ச்சில் நான் செய்தது இவ்வளவு:

முதல்ல ரோஜா. காய்ந்த கிளை, நோய்ப்பட்டது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாத்தையும் எடுத்துட்டு, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டணும். நான் பயந்து பயந்து நுனியை வெட்ட, "இன்னும் கீழே, இன்னும் கீழே"ன்னு ஜன்னலுக்குள்ளிருந்து குரல்.

அதே வேகத்தில் ஃபோர்சைத்தியா செடிக்குப் போனேன். கண்ணாடியில் தட்டுற சத்தம் கேட்டது. அது போன வருஷக் கிளையில்தான் பூக்குமாம், பூத்து முடிஞ்ச பிறகுதான் வெட்டணும். வேலிச்செடிக்கும் இப்போ கத்தரி கூடாது. பறவைகள் கூடு கட்டும் நேரம். பயன்பாட்டில் இருக்கிற கூட்டைத் தெரிந்தே கலைப்பது 1981 ஆம் வருஷச் சட்டப்படி குற்றம்.

அப்புறம் உருளைக்கிழங்கு. விதைக்கிழங்கை முட்டை அட்டையில், கண் அதிகமுள்ள பக்கம் மேலே இருக்கும்படி, வெளிச்சமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் வைக்கணும். குட்டையா கெட்டியா முளை வந்ததும் நடலாம். இந்த ஊர்ப் பழக்கம் புனித வெள்ளியன்று நடுவது. ஆனா அந்த நாள் மார்ச் 20-லிருந்து ஏப்ரல் 23-க்குள்ள எங்க வேணா வரும். "மண்ணுக்குக் காலண்டர் தெரியாது, லவ்"னு பாட்டி சிரித்தார். (இந்த ஊர்ல பஸ் டிரைவர்கூட 'லவ்'தான், தப்பா நினைக்காதீங்க! :-))

மிளகாயும் தக்காளியும் இந்த வருஷம் வீட்டுக்குள்ளேயே. மே கடைசியில் ஒரு வாரம் பத்து நாள், பகலில் வெளியே வைத்து ராத்திரி உள்ளே எடுத்து, பழக்கிய பிறகுதான் நடுவேன்.

தினமும் சாயங்காலம் ஒரு பிடி மண்ணை எடுத்துட்டுப் போய் பாட்டியிடம் கொடுப்பேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே அமுக்கிப் பார்த்துட்டு, "இன்னும் இல்லை" என்பார். மூணு வாரமா அதேதான். நேத்து மண் அவர் விரலிடுக்கில் பொலபொலன்னு உதிர்ந்தது. ஒண்ணும் சொல்லவில்லை, முட்டை அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பசங்க வந்திருந்தாங்க. தோட்டத்தைச் சுத்திப் பார்த்தாங்க. ஃபிளாட் பேச்சு எழவில்லையாம்.

செப்டம்பரில் எனக்குப் படிப்பு முடியுது. அடுத்த மார்ச்சில் நான் இங்க இருக்க மாட்டேன். அதுக்குள்ள குனியப் பழகிடுவேன்னு பாட்டி சொல்லியிருக்கார். வரிசைக்கு ஒரு குச்சி நட்டு, எங்கே என்ன போட்டிருக்குன்னு எழுதி வெச்சிருக்கேன்.

உங்க ஊர்ல இப்போ மண் எப்படி இருக்கு? அமுக்கிப் பார்த்துட்டுச் சொல்லுங்க மக்களே.